இல்போ கட்டிய பொய்க்கணினி

அந்தப் பெயின்ட் கம்பெனியில் இல்போ மாதிரி கெட்டிக்காரன் கிடையாது. இல்போ மாதிரி மக்கும் கிடையாது. ரெண்டும் ஒரே ஆளுக்குள் எப்படிக் குடித்தனம் நடத்துகின்றன என்று கேட்டால் என்னத்தைச் சொல்ல? நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

வடக்கே ஒரு பனிநாட்டில், பொத்னியா வளைகுடா ஓரத்துச் சின்ன ஊர். மாட்டுக்கொட்டகைகளுக்கும் மீன்பிடிப் படகுகளுக்கும் பெயின்ட் செய்கிற கம்பெனி. அங்கே பரிசோதனைக் கூடம் இல்போவின் பொறுப்பு. கணினியோ, தராசோ, அளவுக் கருவியோ, எது மக்கர் பண்ணினாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஐம்பதை நெருங்குகிறான், கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டால், யாரும் தன்னிடம் கேட்கவில்லையே என்பான். நக்கலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே அதுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

கூடத்தின் மூலையில் ஒரு பழைய கணினி. வாடிக்கையாளர் கொடுக்கும் மாதிரியை அளவுக் கருவிக்கு அடியில் வைத்தால், எந்தெந்த நிறமியை எத்தனை கிராம் கலந்தால் அதே நிறம் வரும் என்று அதிலிருக்கும் புரோகிராம் கணக்குப் போட்டுச் சொல்லும். உடனே சொல்லாது. முனகும், டிஸ்க்கைச் சொறியும், ஒரு காப்பி குடித்து முடிக்கிற வரைக்கும் யோசிக்கும். அப்புறம்தான் பிரின்டர் கரகரவென்று ஓடும். அதை எழுதிய மனுஷர் செத்துப்போய்விட்டார். இடையில் புதுசாக ஒரு புரோகிராம் வாங்கிப் பார்த்தார்கள். அதன் கணக்குப்படி கலந்த கொட்டகைச் சிவப்பு, முதல் மழையிலேயே ரோஸ் ஆகிவிட்டது. விவசாயி போன் போட்டு, தன் மாடுகள் உள்ளே போக மறுக்கின்றன என்று புகார் சொன்னார். அதோடு புதுசைத் தலைமுழுகினார்கள்.

மாதிரிகளை எடுத்துக்கொண்டு வருகிறவள் ஆர்டர் பிரிவின் சினிக்கா. முற்றத்துக்கு அந்தப் பக்கம் அவள் அலுவலகம். கணக்கு முடிகிற வரை அவளுக்குப் போக்கிடம் கிடையாது. ஸ்டூலில் உட்காருவாள், இல்போ காப்பி ஊற்றிக் கொடுப்பான். முதல் சில வருஷங்கள் வானிலை பற்றிப் பேசினார்கள். அதற்கப்புறம் அவள் வீட்டுப் படகு இன்ஜின் பற்றி. அதற்கும் அப்புறம்தான், புருஷன் விட்டுப் போனது, மகள் தாம்பரே நகரத்துக்குப் படிக்கப் போனதிலிருந்து வீட்டில் ரேடியோவை அணைப்பதே இல்லை என்பது. சினிக்கா பேசிக்கொண்டே இருப்பாள். இல்போ தலையாட்டுவான். அந்தக் காப்பி நேரம்தான் அவனுக்கு நாள், மீதியெல்லாம் சம்பளத்துக்கு. சினிக்கா அந்த ஸ்டூலில் உட்காராமல் போனால் தன் கதி என்ன என்று அவன் யோசித்ததே இல்லை. மூச்சு நின்றால் என்ன ஆகும் என்று யாராவது உட்கார்ந்து யோசிப்பார்களா?

இலையுதிர் காலத் தொடக்கத்தில் ஒரு காலை, அந்தக் கணினியிலிருந்து புகை வந்தது.

உற்பத்தி மேலாளர் ராய்லி மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். "என்ன இல்போ, இந்த நாத்தம் நாறுது?"

"கணினி போயிடுச்சு."

"போயிடுச்சுன்னா? நம்ம சிவப்பு?"

"சிவப்புக்கு ஒண்ணுமில்ல. டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. அதை அப்படியே நகலெடுத்து வேற எடத்துல உயிர் கொடுத்துடலாம்."

கொடுத்தான். அந்த வேலையில் இல்போவை அடித்துக்கொள்ள ஆளில்லை. தன் மேஜைமேல் இருந்த புதுக் கணினிக்குள்ளேயே ஒரு பொய்க்கணினியைக் கட்டினான். அதற்கென்று ஒரு மென்பொருள் இருக்கிறது. அதில் எல்லாமே வேஷம்தான். எந்தக் காலத்துப் பிராசசராக வேஷம் கட்ட வேண்டும், எத்தனை மெமரி இருப்பதாகப் பாவலா காட்ட வேண்டும், பிளாப்பி டிரைவ் உண்டா இல்லையா, அளவுக் கருவி எந்த போர்ட்டில் செருகியிருப்பதாகச் சொல்ல வேண்டும், ஒவ்வொன்றாகக் கேட்கும், நாம் ஒவ்வொன்றாக டிக் அடிக்க வேண்டும். பழைய புரோகிராம் சரியான சந்தேகப் பிராணி. தெரியாத முகத்தைப் பார்த்தால் அடம்பிடித்துப் படுத்துக்கொள்ளும். ஆகவே இல்போ, செத்துப்போன கணினியில் என்னென்ன இருந்ததோ அதையே அச்சு அசலாகப் போட்டான். புரோகிராம் கண்ணைத் திறந்தது, பழைய வீடுதான் என்று நம்பி வேலையைத் தொடங்கியது.

ராய்லி குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தாள். "அந்தக் கணினி எங்கப்பா?"

"இல்ல."

"ஆனா ஓடுதே?"

"ஓடுது. ஆனா இல்ல."

"சரி, சிவப்பு சிவப்பா வந்தா எனக்குப் போதும்" என்று அவள் போய்விட்டாள்.

அச்சு அசல் என்றேனே, மந்தமும் அச்சு அசலாக அப்படியே வந்தது. சினிக்கா மாதிரியோடு வந்தாள், ஸ்டூலில் உட்கார்ந்தாள், காப்பி ஊற்றினான், பொய்க்கணினி யோசித்தது. எல்லாம் பழையபடிதான். அன்றைக்கு அவளுக்கு மனசு சரியில்லையோ என்னவோ, திரையைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டுச் சொன்னாள்: "இது முன்னாடி உக்காந்து உக்காந்தே என் ஆயுசுல பாதி போயிருக்கும் இல்போ."

கேட்கிறவன் கொஞ்சம் விவரமானவனாக இருந்தால் என்ன செய்திருப்பான்? 'மீதிப் பாதியும் இங்கயே போகட்டும்' என்று ஏதாவது சொல்லியிருப்பான். குறைந்தபட்சம் சிரித்தாவது வைத்திருப்பான். நம்ம ஆள் அதை ஒரு பழுதுப் புகாராகக் காதில் வாங்கிக்கொண்டான். சினிக்காவின் ஆயுசு வீணாகிறது, அதைத் தடுக்கத் தன்னால் முடியும். அவன் வாழ்க்கையில் ஒரு பெண்ணுக்குக் கொடுக்க அவனிடம் ஒரு பரிசு இருந்தது இதுதான் முதல் தடவை. இனி சும்மா இருப்பானா?

மறுநாளே பொய்க்கணினியை நிறுத்தி, பிராசசர் பட்டியலைத் திறந்து, ஒரு தலைமுறை புதியதைத் தேர்ந்தெடுத்தான். பழைய புரோகிராம் முறைத்தது. இல்போ கெஞ்சிக் கூத்தாடி, மெமரியைக் கூட்டி, வேறு ஏதேதோ மாற்றி அதைச் சமாதானப்படுத்தினான். சினிக்கா வந்து மாதிரியை வைத்தாள். காப்பியில் பாதிகூட இறங்கவில்லை, பிரின்டர் ஓட ஆரம்பித்துவிட்டது.

"அட, முடிஞ்சிடுச்சா?" என்றாள் சினிக்கா.

"முடிஞ்சிடுச்சு" என்றான் இல்போ. முகமெல்லாம் பல்.

அவள் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தாள். ஒரே மடக்கில் குடித்துவிட்டுத் தாளை எடுத்துக்கொண்டு போனாள். நாக்கு வெந்திருக்கும். இல்போ ஜன்னல் வழியே அவள் முற்றத்தைத் தாண்டுவதைப் பார்த்தான், இன்றைக்கு அவளுக்கு எத்தனை நேரம் மிச்சம் என்று எண்ணிப் பூரித்துப்போனான்.

அதற்கடுத்து அவள் கொண்டுவந்தது ஒரு கல். அதன்மேல் படர்ந்திருந்த பாசி, சாம்பலும் பச்சையும் மஞ்சளும் கலந்து, எந்த நிறமென்று சொல்லவே முடியாதபடி இருந்தது.

"ஒரு வாடிக்கையாளர் இந்த நிறம்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கறார்" என்றாள்.

"கொட்டகைக்கா?"

"கொட்டகையோ என்னவோ. எனக்கென்ன தெரியும்?"

பாசி நிறத்துக்குப் பொய்க்கணினி திணறியது. நிறமிகளை மாற்றி மாற்றிப் போட்டு, அழித்து, மறுபடி போட்டது. முழுக் கோப்பை இறங்கியது. சினிக்கா தன் மகள் ஒரு பையனோடு சுற்றுவதாகவும், அவன் காதில் வளையம் மாட்டியிருப்பதாகவும் நிம்மதியாகச் சொல்லி முடித்தாள். கிளம்பும்போது அவள் முகம் தெளிவாக இருந்தது. இல்போ முகம்தான் இருண்டுபோயிருந்தது. இந்த வாடிக்கையாளர்கள் இப்படி வம்புபிடித்த நிறமாகக் கேட்டு அவளைக் காக்கவைக்கிறார்களே என்று அவனுக்கு வயிறு எரிந்தது.

ஆகவே டிஸ்க்கை மாற்றினான். பழைய டிஸ்க் சொறிவது போலவே சொறிந்து பாவலா காட்டிக்கொண்டிருந்த பொய் டிஸ்க்கை எடுத்துவிட்டு, வேகமான வேறொரு வேஷத்தைப் போட்டான். பாசிக்கே பாதிக் கோப்பைதான் ஆகும் என்ற நிலை வந்தது.

சினிக்கா சளைக்கவில்லை. சதுப்பு நிலத்தில் பழுக்கும் மஞ்சள் பழத்தின் ஜாம் ஒட்டிய மூடியைக் கொண்டுவந்தாள். கையுறையின் உள்பக்கத்துக் கம்பளியைக் கொண்டுவந்தாள். கருகிய ரை தானிய ரொட்டியின் விளிம்பு, பக்கத்து வீட்டுப் பூனையின் ஒரு கொத்து மயிர். எல்லாவற்றுக்கும் ஒரு வாடிக்கையாளர் எங்கிருந்தோ முளைத்தார். இல்போவும் விடவில்லை. அவள் எவ்வளவு கஷ்டமான நிறத்தைக் கொண்டுவந்தாளோ அவ்வளவுக்கு அவன் பொய்க்கணினியின் வாலை முறுக்கினான். பிரின்டர் மெதுவாக இருக்கிறதென்று அதையும் தூக்கிக் கடாசிவிட்டுப் புதுசு வைத்தான், தாள் ஒரு நொடியில் வெளியே வந்து விழுந்தது. ஒருத்தி உட்கார வழி தேடுகிறாள், ஒருத்தன் அவளுக்கு அடியிலிருந்து ஸ்டூலை உருவிக்கொண்டே இருக்கிறான். அதுவும் அன்பினால். இந்தக் கூத்தைக் கம்பெனி முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது, ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அந்த ஊரில் அடுத்தவர் மனசுக்குள் கால் வைப்பது, அடுத்தவர் சமையலறைக்குள் சேற்றுச் செருப்போடு நுழைவதற்குச் சமம்.

ராய்லி மட்டும் ஒரு தடவை வாசலில் நின்று பட்டும் படாமலும் கேட்டுப் பார்த்தாள். "ஏம்ப்பா, இது இவ்வளவு வேகமா ஓடணும்னு கட்டாயமா?"

"இன்னும் கூட்டலாம் ராய்லி. நெட்வொர்க் பக்கம் நான் இன்னும் கையே வைக்கல."

"வைக்காம இருந்தா என்ன?"

"இல்ல இல்ல, வெச்சுடறேன். நீங்க கவலைப்படாதீங்க."

ராய்லி அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். அப்புறம் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகப் போய்விட்டாள்.

நெட்வொர்க்கில் கை வைத்ததுதான் உச்சம். அந்தப் பழைய சிஸ்டத்துக்குத் தெரிந்த நெட்வொர்க் கார்டு ஒரே ஒரு வகைதான், உலகத்தில் இப்போது யாரும் அதைச் செய்வதில்லை. ஆனால் பொய்க்கணினி மென்பொருளில் அந்த வேஷமும் இருந்தது. இல்போ அதைப் போட்டான், பொய்க்கணினியை அலுவலகத்தோடு இணைத்தான், கைக்கு அடக்கமான அளவுக் கருவி ஒன்றை சினிக்காவின் மேஜையில் கொண்டுபோய் வைத்தான். வெளியே மழையும் பனியுமாகச் சொதசொதவென்று கொட்டிக்கொண்டிருந்தது. அவன் தலைமயிர் நெற்றியில் ஒட்டியிருந்தது.

"இனிமே நீ வரவே வேண்டாம்" என்றான் சந்தோஷமாக. "மாதிரிய இங்கயே வெச்சு அமுக்கினா போதும். கணக்கு இங்கயே வந்துடும்."

சினிக்கா அந்தக் கருவியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"வரவே வேண்டாமா?"

"வேண்டாம். இந்தச் சேத்துல நடக்க வேண்டியதில்ல பாரு."

"சரி" என்றாள். "தேங்க்ஸ் இல்போ."

நன்றி சொன்ன குரலில் ஒரு சொட்டு ஈரமில்லை. இல்போ அதைக் கவனித்தானா என்றால், கவனித்தான். ஜலதோஷம் பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான். பாருங்கள், இவனை என்ன செய்வது?

மறுநாள் காலை வழக்கம் போல ரெண்டு பேருக்குக் காப்பி போட்டான். ஏலக்காய் மணக்கும் புல்லா ரொட்டியை வெட்டி வைத்தான். வைத்த பிறகுதான் அவள் வர மாட்டாள் என்பது உறைத்தது. முழுவதையும் அவனே குடித்தான். அதற்கு மறுநாளும் அதே பழக்கம். திரையில் அவள் அனுப்பும் கணக்குகள் வந்து வந்து போயின. வெள்ளை. சாம்பல். கொட்டகைச் சிவப்பு. மறுபடி வெள்ளை. ஒரு பாசி இல்லை, ஒரு பூனை இல்லை. கூடம் இவ்வளவு அமைதியாக இருந்து அவன் கேட்டதே இல்லை. வேலை செய்யும்போது கேட்பதற்கென்று வீட்டிலிருந்து ஒரு ரேடியோவைக் கொண்டுவந்து வைத்தான். வைத்துவிட்டு, அவள் வீட்டு ரேடியோ நினைவு வந்து உடனே அணைத்தான்.

கலவைக் கொட்டகையின் கவுக்கோ ஏதோ வேலையாக வந்தான். நிறமிகளைக் கலந்து டப்பாவில் அடைக்கிறவன். வெட்டி வைத்த புல்லாவைக் கேட்காமலே எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

இல்போ கேட்டான்: "கவுக்கோ, அந்த வாடிக்கையாளர் என்ன ஆனார்?"

"எந்த வாடிக்கையாளர்?"

"பாசி நிறம் கேட்டாரே. பூனை நிறம்கூட. இப்பல்லாம் ஒண்ணுமே கேக்கறதில்லையே. கம்பெனிய மாத்திட்டாரோ?"

கவுக்கோ மெல்லுவதை நிறுத்தினான். இவன் விளையாடுகிறானா என்று உற்றுப் பார்த்தான். இல்போ முகத்தில் விளையாட்டே இல்லை.

"அந்த டப்பா எல்லாம் என் அலமாரியிலதான் நிக்குது, தெரியுமா? பாசி, ஜாம், பூனை, ரொட்டி, ஒண்ணு விடாம. யாரும் வந்து வாங்கல."

"ஏன் வாங்கல?"

"வாடிக்கையாளர்னு ஒருத்தர் இருந்தாத்தானே வாங்கறதுக்கு?"

"அப்போ யாருக்காக..." இல்போ நிறுத்தினான்.

"யோசி யோசி. உன் பழைய கணினி மாதிரி மெதுவாவே யோசி" என்று சொல்லிவிட்டு, இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டு கவுக்கோ நடையைக் கட்டினான்.

இல்போ யோசித்தான். கல்லில் ஒட்டிய பாசியைத் தேடி அவள் எந்தக் கரையில் குனிந்திருப்பாள் என்று யோசித்தான். பூனையைத் துரத்திப் பிடித்திருப்பாளா? ஒவ்வொரு தடவையும் அவள் கோப்பையை அவசரமாக மேஜையில் வைத்தது ஞாபகம் வந்தது. 'இனிமே நீ வரவே வேண்டாம்' என்று பல்லைக் காட்டிக்கொண்டு தான் சொன்னதும் ஞாபகம் வந்தது. முகம் காதுவரைக்கும் கொதித்தது. இவ்வளவு பெரிய முட்டாள்தனத்தைத் தனி ஆளாகச் செய்து முடித்திருக்கிறோமே என்று அவமானமாக இருந்தது. அதைவிட, அவளை இழந்துவிட்டோமோ என்று பயமாக இருந்தது.

எழுந்து போய் அவளிடம் சொல்லிவிடலாம். ஆனால் என்ன சொல்வது? வார்த்தைகளோடு இல்போவுக்குப் பழக்கம் கம்மி. பழக்கமெல்லாம் டிக் அடிப்பதோடுதான். பொய்க்கணினியின் அமைப்பைத் திறந்தான். நெட்வொர்க் கார்டு என்ற பகுதியில், கடைசியாக ஒரு சின்னக் கட்டம் இருந்தது: கேபிள் செருகியிருக்கிறது. இல்லாத கணினியின் இல்லாத கார்டில் இல்லாத கேபிள், அதற்கும் ஒரு டிக். இல்போ அந்த டிக்கை எடுத்தான். அப்புறம் போனை எடுத்தான்.

"சினிக்கா? இல்போ பேசறேன். இங்க ஒரு பழுது. கணக்கு உன் மேஜைக்கு வராது."

"என்ன பழுது?"

பொய் சொல்லத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பான். "கேபிள் கழண்டிருக்கு."

"செருகிடேன்."

"செருக முடியாது. அப்படி ஒரு கேபிளே கிடையாது."

"இல்லாத கேபிள் எப்படிக் கழலும்? யாரு கழட்டினது?"

"நான்தான்."

"எதுக்கு?"

இல்போ எழுந்து நின்றான். ஜன்னலுக்கு வெளியே முற்றம் முழுக்கச் சேறாகக் கிடந்தது. "நீ இங்க வரணும்னு" என்றான்.

போன் வைக்கப்பட்டது. அவன் ரிசீவரைக் கையில் பிடித்தபடியே நின்றான். கொஞ்ச நேரத்தில் முற்றத்தில் ஒரு உருவம் தெரிந்தது. குடையில்லை, தொப்பியில்லை, கோட்டுக்குப் பொத்தான்கூடப் போடவில்லை. கையில் மாதிரி எதுவும் இல்லை.

சினிக்கா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஸ்டூலில் உட்காரவில்லை, நின்றபடியே பேசினாள்.

"நீ ஒவ்வொரு தடவை அத வேகமாக்கினப்பவும் நான் என்ன நெனச்சேன் தெரியுமா? இவனுக்கு என் பேச்சு சலிச்சுப்போச்சு, சீக்கிரம் எழுந்து போன்னு வாயால சொல்லத் தெரியாம கணினிய விட்டுச் சொல்றான்னு நெனச்சேன். கடைசியில கருவியக் கொண்டுவந்து மேஜைமேலயே வெச்சே. வராதேன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னே. சிரிச்சுக்கிட்டே வேற சொன்னே."

"உன் ஆயுசு வீணாப் போகுதுன்னு நீதானே சொன்னே" என்றான் இல்போ. "அதான் உனக்கு மிச்சம் பண்ணிக் கொடுக்கலாம்னு. எனக்கு வேற என்ன கொடுக்கத் தெரியும்?"

"மிச்சம் பண்ணி? அந்த மிச்சத்த வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது இல்போ? அங்க உக்காந்து சுவரப் பாக்கறதா?"

இல்போ ரிசீவரை வைத்துவிட்டு அந்த ஸ்டூலை இழுத்து அவள் பக்கம் நகர்த்தினான். "நீ உக்காரு. நீ இங்க உக்காந்தாத்தான் எனக்கு அது நாள். உன் பேச்சு எனக்கு சலிக்கவே சலிக்காது. பாசியும் வேண்டாம், பூனையும் வேண்டாம். நீ சும்மா வா."

அவன் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி அவளும் கேட்டதில்லை, அவனும் கேட்டதில்லை. சினிக்கா உட்கார்ந்தாள். ஈரக் கோட்டின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது மழையென்று சொல்லிக்கொள்ள அவளுக்கு வசதி இருந்தும், அப்படிச் சொல்லவில்லை.

போன் அடித்தது, இல்போ எடுத்தான். ராய்லியின் குரல் ரிசீவரைத் தாண்டிக் கேட்டது. "இல்போ, ஆர்டர் பிரிவுல யாருமே இல்ல. கணக்கும் வர மாட்டேங்குது. என்னப்பா ஆச்சு?"

சினிக்கா அவன் கையிலிருந்து ரிசீவரை வாங்கினாள்.

"ராய்லி, சினிக்கா பேசறேன். இங்க கேபிள் கழண்டுபோச்சு. சரியாகறதுக்கு நேரமாகும்."

"நீ அங்கயா இருக்கே?"

"இங்கதான் இருக்கேன்."

ராய்லி ஒரு பெருமூச்சு விட்டது இல்போவுக்கும் கேட்டது. "அப்பாடா. அத அப்படியே விட்டுடச் சொல்லு அந்த மடையன்கிட்ட."